அண்ணி பொட்டழித்த படம்

29 ஜனவரி 2012, ஞாயிறு

கரண்ட் இருந்த நேரத்துக்குள் முக்கால்வாசி எடுத்துவிட்டோம். புயல் போய் ஒரு மாதம் ஆகிறது, கடலூரில் இன்னும் கரண்ட் விருந்தாளி மாதிரிதான் வந்து போகிறது. ராபர்ட்டுக்கு இன்று கல்யாண வீடியோ ஆர்டர் இல்லை, அதனால் அவனும் கேமராவும் எனக்கு. அம்மா பெண்ணாடத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்ததால் வீடும் எனக்கு.

நடிக்க ஒப்புக்கொண்டிருந்த எங்கள் ஸ்கூல் சயின்ஸ் மிஸ் காலையில் காலை வாரிவிட்டாள். "பொட்ட அழிக்கிற சீனுன்னு எங்க வீட்ல சொன்னேன், கொன்னுடுவாங்க எழில் மிஸ்" என்று போன். ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அடுப்படியில் படத்துக்காகக் கருவாட்டுக் குழம்பு வைத்துக்கொண்டிருந்த கொளஞ்சி அண்ணி எட்டிப் பார்த்து, "நா உக்காரட்டுமா?" என்றாள்.

படம் இவ்வளவுதான்: புருஷனுக்குக் கருமாதி முடிந்த மறுநாள், சொந்தக்காரர்கள் எல்லாரும் கிளம்பிய பிறகு, ஒருத்தி தன் பொட்டைத் தானே அழித்துவிட்டு, தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறாள். பன்னிரண்டு நிமிடம். 'கருமாதிக்கு மறுநாள்' என்று பெயர்.

தாலியை ஜாக்கெட்டுக்குள் விட்டு முந்தானையால் மூடிக்கொள்ளச் சொன்னேன். அண்ணி கேட்கவில்லை. "உள்ள கெடந்தா மூஞ்சில தெரியும் எழிலு" என்று சரட்டோடு கழற்றி என் கையில் கொடுத்தாள். பொட்டையும் அவளே அழித்தாள். அவள் புருஷன், என் அண்ணன் கதிரவன், மஸ்கட்டில் நன்றாக இருக்கிறான். நேற்றுகூட போன் பண்ணினான்.

அழுகை வராவிட்டாலும் பரவாயில்லை, சாப்பிடுங்கள் என்றேன். சாப்பிட்டாள். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள், சட்டியை வழித்தாள், விரலை நக்கினாள், தண்ணீர் குடித்தாள். ராபர்ட் கட் சொல்ல மறந்து நின்றான். நானும்தான்.

அதுவரை தாலி என் இடது கையில். நான் கருப்புச் சட்டைக்காரர் மகள். எனக்கு அது வெறும் சரடு. பின்னே ஏன் உள்ளங்கை அப்படி வேர்த்தது?

4 மார்ச், ஞாயிறு

புதுச்சேரியில் முதல் விழா. என் படத்தை என்னால் பார்க்க முடியாது, குமட்டுகிறது. அதனால் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முன்னால் இருக்கிற தலைகளை பால்பாயிண்ட் பேனாவால் வரைகிறேன். கொண்டைத் தலை, வழுக்கைத் தலை, காது சொறிகிற தலை. தலை ஆடினால் படம் இழுவை என்று அர்த்தம். அண்ணி சாப்பிடுகிற இடம் வந்தது. ஒரு தலைகூட ஆடவில்லை, வரைவதற்கு அவ்வளவு சௌகரியம்.

5 மார்ச்

அண்ணியிடம் சொன்னேன். "அன்னிக்கி காரம் ஜாஸ்தியாப் போட்டுட்டேன்" என்றாள். அவ்வளவுதான் அவளுடைய விமர்சனம். அம்மாவைப் பொறுத்தவரை நாங்கள் எடுத்தது புயலில் சாய்ந்த முந்திரி மரங்களைப் பற்றிய படம். அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறோம்.

16 மார்ச், வெள்ளி

அண்ணன் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். மஸ்கட்டிலிருந்து அவன் ரூம்காரர் போன் பண்ணினார். இடுப்பிலும் காலிலும் அடி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், நினைவு இருக்கிறதா என்று கேட்டால் "இருக்கும், இருக்கும்" என்கிறார். இருக்கிறது என்று சொல்லவில்லை. இருக்கும்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அண்ணி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

17 மார்ச்

இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சாரம் சரியாகக் கட்டவில்லை, விழுந்தான். இது எனக்குத் தெரியாதா? அப்பா இருந்தால் காதைத் திருகியிருப்பார்.

18 மார்ச்

தெரியும். ஆனாலும் பயமா இருக்கு. எம்மேலயே எனக்கு அருவருப்பா இருக்கு, ஆனாலும் பயமா இருக்கு. ஏன் அதக் கையில வாங்குனேன்?

20 மார்ச்

அண்ணன் பேசினான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். அண்ணி போனை வாங்கி, அவன் வைத்துவிட்ட பிறகும் காதில் வைத்திருந்தாள்.

22 ஏப்ரல், ஞாயிறு

கடலூரிலேயே திரையிட்டார்கள். உள்ளூர் என்று ஒப்புக்கொண்டது என் புத்தி. மூன்றாவது வரிசையில் ஒரு தலையைப் பாதி வரைந்திருந்தேன், அது பாதியில் எழுந்து வெளியே போய்விட்டது. இடைவேளையில் பார்த்தால் வாசலில் கலியமூர்த்தி மாமா, அம்மாவின் தம்பி. "ஒரு ஃப்ரெண்டு கூப்ட்டாருன்னு வந்தேன். நம்ம கொளஞ்சிய இந்தக் கோலத்துல பாக்கணும்னு எனக்குத் தலையெழுத்து." டிவிஎஸ் ஃபிப்டியை உதைத்துக்கொண்டு போனார். எங்கே போகிறார் என்று கேட்கவா வேண்டும்?

23 ஏப்ரல்

நான் ஸ்கூல் விட்டு வருவதற்குள் எல்லாம் நடந்திருந்தது. அண்ணி கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள், அம்மா நாற்காலியில். உட்காரச் சொல்லவில்லை போல.

"தாலியக் கழட்டுனியா, உள்ள மறச்சி வெச்சிருந்தியா? அத மட்டும் சொல்லு."

மறைத்து வைத்திருந்தேன் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். நான் வாயைத் திறந்தேன், அதற்குள் அண்ணி, "கழட்டுனேங்கத்த" என்றாள்.

"நாந்தாம்மா சொன்னேன்" என்றேன்.

"நீ வாய மூடு. உனக்கு அது பொம்ம."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்பா செத்தபோது நீ பொட்டை அழித்தாயா, வளையலை உடைத்தாயா, இன்றுவரை நெற்றி நிறைய வைத்துக்கொண்டு இந்தப் பேச்சு எதற்கு என்று கத்தினேன். கேட்டிருக்கக் கூடாது. அம்மா கத்தவில்லை.

"உங்கப்பா சொல்லிட்டுப் போனாரு, வெச்சிருக்கேன். தெருவுல ஒவ்வொருத்தியும் பாக்குற பார்வைய நா வாங்கிக்கிட்டு வெச்சிருக்கேன். எனக்குப் போயிட்ட பொறவு வெச்சிருக்கேன்டி. இவ, புருஷன் உசுரோட இருக்கறப்ப அழிச்சிருக்கா. ரெண்டும் ஒண்ணா?"

 

2 மே

அம்மா அண்ணியோடு பேசுவதில்லை. சோறு போடுகிறாள், அண்ணியும் சாப்பிடுகிறாள். அப்பா இருந்தவரை கோயில் வாசப்படி மிதிக்காதவள், இன்று அண்ணியைச் சிதம்பரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தில்லைக் காளிக்குக் குங்குமம் சாத்தி வந்தாள். அதே ஊரிலிருந்துதான் சாயங்காலம் மணவாளன் சார் போன் பண்ணினார். கல்லூரி வாத்தியார், ஜூலையில் அங்கே குறும்பட விழா நடத்துகிறார். என் படத்தை எடுத்துக்கொண்டார்களாம். வேண்டாம் சார், எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்றார். என் இஷ்டம் என்றேன். நல்ல மரியாதை.

10 ஜூன், ஞாயிறு

அண்ணன் வந்துவிட்டான். கைத்தடி, பாதி உடம்பு. நவம்பரில் திரும்பி வந்தால் வேலை காத்திருக்கும் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. வந்ததிலிருந்து எங்களைச் சிரிக்க வைக்கப் பார்க்கிறான். யாரும் சரியாகச் சிரிக்காததைக் கவனிக்கிறானா, தெரியவில்லை.

அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துப் போய், "அவங்கிட்ட ஒரு மூச்சு உடக் கூடாது. தெரிஞ்சா கொளஞ்சியத் தங்கூட வாழ உடுவானான்னு எனக்குத் தெரியாது" என்றாள். அம்மா அண்ணிக்காகப் பயப்படுகிறாளா? இத்தனை நாள் நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன்.

27 ஜூன்

மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது அண்ணி கேட்டாள். "நா இன்னும் அதப் பாக்கவேயில்ல எழிலு. எல்லாரும் பாத்துட்டாங்க. கலியமூர்த்தி மாமாகூடப் பாதி பாத்துட்டாரு."

லேப்டாப்பில் போடுகிறேன் என்றேன்.

"பெருசாப் பாக்கணும். சிதம்பரத்துல போடச் சொல்லு."

அண்ணனுக்குத் தெரிந்தால்? என்றேன்.

"தெரிஞ்சிட்டுப் போவுது. அவுரு முன்னால சிரிச்சிக்கிட்டே ஒளிச்சி வெக்கறதுதான் எனக்குத் தொண்டையில நிக்குது."

மணவாளன் சாருக்குப் போன் பண்ணினேன். "நீங்க கோவத்துல சொன்னீங்கம்மா, அதனால நா லிஸ்ட்ல இருந்து எடுக்கல" என்றார். மனிதர் வாழ்க.

20 ஜூலை, வெள்ளி

நாளைக்கு. எனக்குத் துணி எடுக்கப் போவதாகவும் அண்ணி துணைக்கு வருவதாகவும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறது. அம்மா நம்பினாள் என்று எனக்குத் தோன்றவில்லை. அண்ணன் டிவி பார்த்துக்கொண்டே, "போயிட்டு வாங்க" என்றான். 

21 ஜூலை, சனி

பஸ்ஸிலிருந்து இறங்கி வந்ததும் எழுதுகிறேன். விட்டால் கோர்வை போய்விடும்.

கல்யாண மண்டபத்து மாடி. வழக்கம்போலக் கடைசி வரிசை, பக்கத்தில் அண்ணி. எங்கள் படம் நான்காவது. அதற்கு முன் ஒரு பன்றிக்குட்டியைப் பற்றிய படம் ஓடியது. நான் தலைகளை வரைந்துகொண்டிருந்தேன். ஓரத்து நாற்காலியில் ஒருத்தர் விளக்கணைத்த பிறகு வந்து உட்கார்ந்தார். பின்கழுத்து, சரிந்த தோள், பிறகு காது. கன்னத்தோடு ஒட்டிய மடல், மேல் நுனியில் ஒரு மடிப்பு. கை யோசிக்காமல் போட்டுவிட்டது. போட்ட பிறகுதான் புரிந்தது, இந்தக் காதை நான் காலேஜில் ஓவியப் பரீட்சைக்காகப் பல தடவை வரைந்திருக்கிறேன். அண்ணன் அப்போது மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்து கொடுப்பான்.

எழுந்து ஓடிவிடலாமா? புரொஜெக்டர்காரரிடம் போய் நிறுத்தச் சொல்லலாமா? அதற்குள் எங்கள் டைட்டில் வந்துவிட்டது.

திரையில் அண்ணி பொட்டை அழித்தாள். சுவரளவு முகம். வெறும் கழுத்து. நான் முதல்முறையாக என் படத்தைப் பார்த்தேன், வேறு எங்கே பார்ப்பது? சோற்றைப் பிசைந்து முதல் வாய் வைக்கிற இடத்தில் கரண்ட் போய்விட்டது. மொத்த மண்டபமும் கும்மிருட்டு. கீழே ஜெனரேட்டரை இழுத்து இழுத்துப் பார்க்கிறார்கள், அது இருமுகிறது.

அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்து, "அண்ணன் வந்திருக்கான், வாங்க போயிடலாம்" என்றேன்.

"தெரியும். செருப்புச் சத்தத்துலயே தெரியும். கைய உடு எழிலு, பாக்கணும்."

ஜெனரேட்டர் பிடித்தது. மறுபடி முதலிலிருந்து போட்டார்கள், பாவிகள். மறுபடி பொட்டு, மறுபடி கழுத்து, பிறகு முழுச் சாப்பாடும். ஓரத்துத் தலை ஆடவேயில்லை.

முடிந்ததும் மேடைக்குக் கூப்பிட்டார்கள். அந்தம்மாவுக்கு எப்படி நடிக்கச் சொல்லிக்கொடுத்தீர்கள் என்று ஒருத்தர் கேட்டார். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துக் கை தட்டினார்கள்.

கீழே டீக்கடையில் அண்ணன் கைத்தடியை ஊன்றி நின்றிருந்தான். மூன்று டீ சொல்லியிருந்தான். "மாமா போன வாரமே சொல்லிட்டாரு. இன்னிக்கி இங்க போடறாங்கன்னு நோட்டீசும் காட்டுனாரு" என்றான், என்னிடம்.

அண்ணி நேரே அவன் முன்னால் போய், "தாலியக் கழட்டுனது தப்புன்னா இங்கயே சொல்லிடுங்க. வீட்ல போயி வேணாம்" என்றாள்.

"அத உடு." ஒரு டீயை அவள் பக்கம் நகர்த்தினான். "இவ்ளோ அமைதியா, ஒருத்தரும் இல்லாத வீட்ல... அப்டிச் சாப்புட எங்க கத்துக்கிட்ட?"

"நீங்க பிளேன் ஏறுன மறுநாளெல்லாம் இப்டித்தான் சாப்புட்டேன்."

அண்ணன் ஏதோ சொல்ல வந்தான்.

"எத்தினியோ தடவ போயிட்டீங்க. எழவு வீடுன்னாகூட நாலு பேரு வந்து சாப்ட்டியான்னு கேப்பாங்க. வெளிநாட்டுக்குப் போறவன் பொண்டாட்டிய யாரு கேக்கறா? குடுத்து வெச்சவளுன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க."

கல்யாணமாகி ஆறு வருஷம். அவன் வீட்டில் இருந்ததை எல்லாம் கூட்டினாலும் ஒரு வருஷம் தேறாது. அந்த வீட்டில்தான் நானும் இருந்தேன். நானும் கேட்டதில்லை. அதை நடிப்பு என்று நினைத்து ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

அண்ணன் டீயைக் குடிக்கவில்லை. மூன்று பேரும் கடலூர் பஸ்ஸில் ஏறினோம். அவனுக்கு சீட் கொடுத்தார்கள். பக்கத்து ஆள் இறங்கியதும் அண்ணியின் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

22 ஜூலை

பரிசு பன்றிக்குட்டிக்கு. நல்ல படம்தான், அதுதான் எரிச்சல்.

5 ஆகஸ்ட்

அம்மாவுக்கு எப்படியோ எல்லாம் தெரிந்திருக்கிறது. கேட்கவில்லை. இன்று அண்ணியிடம், "மோர்க் கொழம்பா, காரக் கொழம்பா, என்னா வெக்கட்டும்?" என்றாள். ஏப்ரலுக்குப் பிறகு அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

14 அக்டோபர்

கம்பெனியிலிருந்து டிக்கெட் அனுப்புவதாக மெயில். அண்ணன் இப்போது கைத்தடி இல்லாமலே நடக்கிறான். அண்ணி அவன் சட்டைகளை இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டாள். அவன் போவான் என்றே முடிவு கட்டிவிட்டாள். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. அவனை மாற்றுவதற்கு ஒரு படம் போதுமா என்ன? போதாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும்.

18 நவம்பர், ஞாயிறு

கரண்ட் போன நேரமாகப் பார்த்து அண்ணன் கூடத்து ஃபேனைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். ஸ்டூல் மேல் நிற்கிறான், அண்ணி கீழே ஸ்டூலைப் பிடித்திருக்கிறாள். மஸ்கட்டிலிருந்து போன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினான்.

"இல்ல சார். எங்க சார், கால ஊனவே முடியல. நிக்கவே முடியல சார். டாக்டரு இன்னும் ஆறு மாசம் ஆவும்ங்கறாரு."

அந்தக் காலில்தான் நின்றுகொண்டிருந்தான். இன்னொரு கால் காற்றில். அண்ணி நிமிர்ந்து பார்க்கவில்லை, ஸ்டூலை மட்டும் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். பொய் சொன்னால் எங்களுக்குச் சூடு வைத்தவள்.

"ஆறு மாசம்னா மறுபடி கூப்புடுவான்" என்றாள். "காலே வெளங்காதுன்னு சொல்லுடா."