பிரேக்கில் வைத்த கால்

அண்ணே,

போன வாரம் இறம்பொடை வளைவில் மண் சரிந்து, பாதையில் ஒரு பக்கம் மட்டும்தான் திறந்திருந்தது. மேலிருந்து வருகிற வாகனங்கள் இறங்கி முடியும் வரை நாங்கள் ஏற்றத்தில் வரிசையாக நின்றோம். வண்டியை ஓட்டியது நான்தான். சிரிக்காதீர்கள். நாற்பதைத் தாண்டிய பிறகு லைசன்ஸ் எடுத்தேன். மகள் வாங்கிய கார். கிளச் கிடையாது, கியர் மாற்றுகிற வேலை கிடையாது. கியருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பட்டன் இருக்கிறது. அதை அமுக்கி வைத்துவிட்டு, நிற்கும்போது பிரேக்கை நன்றாக மிதித்தால் முன்னால் பச்சை விளக்கு ஒன்று எரியும். அது எரிந்ததும் காலை எடுத்துவிடலாம். வண்டி தானாகவே பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும். எவ்வளவு ஏற்றமானாலும் பின்னால் போகாது.

விளக்கு எரிந்தது. நான் காலை எடுக்கவில்லை.

"அம்மா, பச்ச லைட்டு வந்திருச்சு. இப்ப காலை எடுங்க, வண்டி போகாது" என்றாள் மகள்.

அவள் சொன்னது காதில் விழுந்தது. ஆனாலும் கால் வரமாட்டேன் என்றது. அவள் என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். விஷயம் அவளுக்குத் தெரியும். வரிசை நகரும் வரை நான் உங்களையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

லயத்து வரிசை வீடுகளில் எங்கள் காம்பராவுக்கு அடுத்தது உங்களுடையது. நடுவில் ஒரு சுவர்தான். நீங்கள் இருமினால் எங்கள் வீட்டில் தூக்கம் கெடும். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போனபோது, கேலிக்கு 'டீச்சரம்மா' என்பீர்கள், மற்ற நேரமெல்லாம் 'தங்கச்சி'தான். தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற தோட்டத்து லொறி உங்கள் கையில் இருந்தது. கொழுந்தும் அதில்தான் போகும், உரமூட்டையும் அதில்தான் வரும். நோயாளியும் அதில்தான், செத்தவரும் அதில்தான். எங்களுக்கு வேறு வண்டி ஏது?

அந்த லொறிக்குக் கைப்பிரேக் பிடிக்காது. லீவரை மேலே இழுத்தால் இழுபடும், அதோடு சரி. கேபிள் அறுந்து எத்தனையோ மாதம். தோட்டத்தை நடத்துகிற தொரையிடம் நீங்கள் சொல்லாத நாள் இல்லை. கொழும்பிலிருந்து வர வேண்டும் என்பதே எப்போதும் பதில். கியரில் போட்டு நிறுத்தினால் நிற்குமே என்று சமதரையில் ஓட்டுகிறவர்கள் சொல்லலாம். நம் ஏற்றத்தில் அந்தக் கிழட்டு இன்ஜின் தாங்காது, துள்ளித் துள்ளிப் பின்னால் போகும். அதனால்தான் சக்கரத்துக்கு அடியில் வைக்க ஒரு மரக்கட்டை. லொறி நின்றதும் நீங்கள் கதவில் இரண்டு தட்டுத் தட்டுவீர்கள். பின்னால் நிற்கும் கிளீனர் மாணிக்கம் குதித்து, பின் சக்கரத்துக்குக் கட்டையை அடை கொடுத்துவிட்டு "வச்சாச்சு" என்று குரல் கொடுப்பார். அதைக் கேட்ட பிறகுதான் பிரேக்கிலிருந்து உங்கள் கால் வரும்.

இது உங்களுக்கு எந்த அளவுக்கு ஊறிப்போனது என்றால், வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்தாலும் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவீர்கள். அண்ணி உள்ளேயிருந்து "வச்சாச்சு, வச்சாச்சு" என்று அலுத்துக்கொண்டே குழம்புச் சட்டியோடு வருவார். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் சிரிப்போம்.

எனக்கு வலி கண்ட அன்று மத்தியானமே பனிமூட்டம் இறங்கிவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். என் புருஷன் கொழும்பில் கடையில் இருந்தார். அங்கே ஏதோ குண்டு வெடித்து, தமிழர்களைப் பிடித்துக்கொண்டிருந்த வாரம் அது. அவரால் அசைய முடியாது. நீங்கள் ஏற்றியிருந்த கொழுந்தை அப்படியே இறக்கிப் போட்டுவிட்டு வந்தீர்கள். வெறும் சாக்குகளை மெத்தையாகப் போட்டு, மேலே படங்குத் துணியை இழுத்துக் கட்டி, என்னைப் படுக்க வைத்தீர்கள். அம்மா என் தலையை மடியில் வைத்துக்கொண்டார். மாணிக்கம் கட்டையோடு ஏறினார்.

டவுனுக்கு முன்னால் அந்தச் செங்குத்தான இடத்தில் அன்று ஆமிக்காரர்கள் புதிதாகச் சோதனைச் சாவடி போட்டிருந்தார்கள். வளைவுக்கு மேலே, ஏற்றத்தின் நடுவில். வாகனத்தை எங்கே நிறுத்தச் சொல்கிறோம் என்ற நினைப்புக்கூட இல்லாதவர்கள். நிறுத்து என்றார்கள், நிறுத்தினீர்கள். எல்லோரும் இறங்கு என்று சிங்களத்தில் சத்தம் வந்தது. அம்மா இறங்கினார். நீங்கள் கதவில் இரண்டு தட்டுத் தட்டினீர்கள்.

மாணிக்கம் எப்போதும் செய்வதைத்தான் செய்தார். கட்டையைத் தூக்கிக்கொண்டு குதித்து, குனிந்து சக்கரத்துக்கு அடியில் கையை விட்டார். பனிமூட்டத்துக்குள், சோதனைச் சாவடிக்கு முன்னால், ஒரு தமிழன் வண்டிக்கு அடியில் எதையோ வைக்கிறான். அவர்கள் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். துப்பாக்கிகளைத் திருப்பிக்கொண்டு கத்தினார்கள். மாணிக்கம் கட்டையை விட்டுவிட்டுக் குப்புற விழுந்தார். கட்டை உருண்டு ரோட்டோரக் கானுக்குள் போனது. "வச்சாச்சு" என்ற குரல் வரவில்லை.

முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் நடுவில் கம்பிவலை போட்ட சின்ன ஜன்னல் ஒன்று இருந்ததே, அதன் வழியாக எல்லாம் எனக்குக் கேட்டது. உங்களை இறங்கச் சொன்னார்கள். கைப்பிரேக் பிடிக்காது மாத்தயா, பின்னால் பிள்ளை பெறப்போகிற பெண் கிடக்கிறாள், காலை எடுத்தால் லொறி பள்ளத்துக்குப் போய்விடும் என்று நீங்கள் நல்ல சிங்களத்தில் சொன்னீர்கள். ஒருவன் எட்டிப் பார்த்தான். லீவர் மேலே இழுத்தபடி இருந்தது. பொய் சொல்கிறாய் என்றான். ஒரு கல்லையாவது வைக்கச் சொல்லுங்கள் என்றீர்கள். சக்கரத்துக்குக் கிட்டே போக அவர்களுக்கே பயம், மாணிக்கம் அங்கே என்ன வைத்தாரோ என்று. யாரும் கிட்டே வரவில்லை. மாணிக்கத்தையும் அம்மாவையும் தூரத்தில் கையைத் தூக்கி நிற்க வைத்திருந்தார்கள்.

வலியில் நான் கத்தினேன். அப்போது நீங்கள் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து, மெதுவாகச் சொன்னீர்கள்.

"நான் காலை எடுக்க மாட்டேன் தங்கச்சி. நீ பயப்படாத."

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு துப்பாக்கியின் கட்டைப் பக்கத்தால் முழங்காலில் அடித்த சத்தம். இன்னொன்று. அதற்குப் பிறகும். நீங்கள் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது, அதை எழுத எனக்குக் கை வரவில்லை. லொறி மட்டும் ஒரு விரற்கடை கூட அசையவில்லை.

சத்தம் கேட்டு வயதான ஒருவர் வந்தார். அவர்களுக்கு மேலானவர் போல. படங்கைத் தூக்கி என்னைப் பார்த்ததும் மற்றவர்களைத் திட்டினார். அவரே மண்மூட்டை ஒன்றை இழுத்துவந்து சக்கரத்துக்குப் பின்னால் போட்டார். இனிக் காலை எடு என்று உங்களிடம் சொன்னார். உங்களால் முடியவில்லை. இரண்டு பேர் குனிந்து, உங்கள் காலைக் கையால் தூக்கித்தான் பிரேக்கிலிருந்து எடுத்தார்களாம். அம்மா பிறகு சொன்னார். என்னை ஒரு மரக்கறி லொறியில் ஏற்றி அனுப்பினார்கள். அன்று பொழுது சாய்கிற நேரம் வயிற்றை வெட்டித்தான் பிள்ளையை எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு பேருமே இல்லை என்று டொக்டர் சொன்னார்.

உங்களை அவர்கள் விடவில்லை. உங்களிடம் அடையாள அட்டை இல்லை. நம் ஆட்களில் அப்போது எத்தனை பேரிடம் அது இருந்தது? அட்டை கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர்களில் நீங்களும் ஒருவர். அதோடு, இறங்கச் சொல்லியும் இறங்கவில்லை. அது போதுமாம். லொறியை மறுநாளே தோட்டத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் கைப்பிரேக்குக்குப் புதுக் கேபிள் வந்தது, லொறிக்குப் புது டிரைவரும் வந்தார். இத்தனை காலம் வராத கேபிள் எந்த வழியாக அவ்வளவு சீக்கிரம் வந்தது என்று நான் தொரை பங்களா வாசலில் நின்று கேட்டேன். எனக்கு வாய் அதிகம் என்று சொன்னார்கள். ஆமாம், அதிகம்தான்.

அண்ணி ஒவ்வொரு முகாமாக அலைந்தார். என் மகள் தவழத் தொடங்கிய பிறகுதான் நீங்கள் வந்தீர்கள். ரோட்டிலிருந்து லயத்துக்கு வருகிற படியில், கம்பை ஊன்றி, வலது காலை மடக்க முடியாமல் பக்கவாட்டில் வீசி வீசி ஏறினீர்கள். நான் ஓடி வந்தேன். நீங்கள்தான் கேட்டீர்கள்.

"என்ன புள்ள, தங்கச்சி?"

பொம்பளப் பிள்ளை என்றேன். நல்லாயிருக்கா என்றீர்கள். நல்லாயிருக்காண்ணே என்றேன். தலையை ஆட்டினீர்கள். அவ்வளவு காலமும் உள்ளே இருந்தவருக்கு, அந்தப் பிள்ளை பிழைத்ததா செத்ததா என்றுகூட யாரும் சொல்லியிருக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றி நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் காவல் வேலை கொடுத்தார்கள். லொறி வந்து நிற்கும்போது நீங்கள் எழுந்து உள்ளே போய்விடுவீர்கள். சோற்றுக்கு முன்னால் தட்டுவதும் நின்றுபோனது. சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் காத்திருந்து பார்த்தோம். தட்டு வைக்கிற சத்தம் மட்டும் கேட்கும்.

அண்ணி பல வருடம் என் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளை கிட்டே போனால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். 'வந்த நேரம் சரியில்லை' என்று தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் சொன்னதாகவும் காதில் விழுந்தது. மற்றவர் யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அவரிடம் போய் என்ன சொல்ல? அவர் புருஷனின் காலைக் கொடுத்துத்தானே என் பிள்ளை வந்தாள்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். மகள் எனக்குப் பொறுமையாகப் பழக்குகிறாள். அந்தப் பச்சை விளக்கு வந்த பிறகு ஆக்ஸிலேட்டரை வெடுக்கென்று மிதித்தால் வண்டி குதிக்கும். விரலால் தொடுவது போல மெதுவாகக் கொடுத்தால் பிரேக் தானாக விட்டு, உள்ளே இருக்கிற ஆளுக்கே தெரியாமல் நகரும். நெருக்கமான இடத்தில் வண்டியை ஒதுக்கும்போது பட்டனை அணைத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு அடிக்கும் பிடித்துப் பிடித்து உலுக்கும். இதெல்லாம் எனக்கு வந்துவிட்டது. டவுனில், சமதரையில், காலை எடுத்துவிட்டுக் கையையும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஏற்றத்தில்தான் முடியவில்லை. ஒரு பட்டன், அண்ணே. அமுக்கினால் நிற்கிறது. இதைச் செய்யத் தெரிந்த உலகத்தில்தான் உங்கள் முழங்காலை உடைத்தார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சண்டை முடிந்துவிட்டது என்று டவுனில் பட்டாசு கொளுத்திய வருடம் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். நெஞ்சில் சளி கட்டி, ஒரு வாரம்கூடப் படுக்கவில்லை. குளிப்பாட்டிப் படுக்க வைத்த பிறகு, வழக்கப்படி இரண்டு கால் பெருவிரலையும் சேர்த்துக் கட்டப் பார்த்தார்கள். இடது கால் வந்தது. வலது கால் வரவில்லை. விறைத்து, எதையோ மிதித்தபடி தள்ளியே நின்றது. ஆண்கள் இரண்டு பேர் அழுத்திப் பார்த்தார்கள். அண்ணி அவர்களை விலகச் சொன்னார். கூட்டத்துக்குள் தேடி, ஸ்கூல் சட்டையோடு மூலையில் நின்ற என் மகளைக் கூப்பிட்டார். இத்தனை வருடத்தில் அவர் அவளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"நீ வந்து புடிம்மா. ஒனக்குத்தான் விடுவாரு."

அவள் மண்டி போட்டு, இரண்டு கையாலும் உங்கள் காலைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி சுடுதண்ணியில் துணியை நனைத்து முழங்காலை ஒத்தி ஒத்தி எடுத்தார். வெகுநேரம் கழித்துக் கால் கொஞ்சம் இளகி வந்தது. அண்ணி கட்டினார். அப்போதுதான் மகள் என்னைத் திரும்பிப் பார்த்து, ஏன் என்று கேட்டாள். அன்று இரவு எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் பிறந்தநாள் எதுவும் வேண்டாம் என்றாள். நான் விடவில்லை. அண்ணியும் விடவில்லை. ஒவ்வொரு வருடமும் கேக் வாங்குகிறோம். அண்ணிதான் அவள் கையைப் பிடித்து வெட்ட வைக்கிறார். எல்லோரும் கை தட்டுகிறார்கள், நானும் தட்டுகிறேன். உங்களைப் பிடித்துக்கொண்டு போன நாளும் அதுதான், அண்ணே.