தீர்த்தப் போத்தலுக்குள் துருவக் கடல்

லிட்கம்,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த பசியோடு.

பனிக்கட்டியில் குந்தியிருக்கும் என் அன்பான பிரவீணா அக்காவுக்கு,

இங்கே நான், அம்மா, அப்பா, கராஜ் பிரிட்ஜ் ஆகிய நால்வரும் சுகம். இவர்களில் ஒருவர் முன்பைவிட நல்ல சுகம். அது யார் என்று பார்க்க நேரே கடைசிப் பந்திக்குத் தாவாதே. உன் குணம் எனக்குத் தெரியும்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ் கேட்காமல் காது உறைந்துபோகிறது என்று நீதான் புலம்பினாய். அதோடு, உன் தோளுக்குப் பின்னால் நின்று ஆய்வு நிலையத்து ஆள் எவராவது வாசித்தாலும் நம் வீட்டு மானம் தப்பும். இந்தக் கடிதத்தில் மானம் கொஞ்சம் அதிகமாகவே போகப்போகிறது.

போன கிழமை நீ போனில் சொன்னது எனக்குத் தொண்டையில் மீன்முள் சிக்கின மாதிரி. “அப்பா என்னோட ஒரு வார்த்தை கதைக்காட்டி, கோடைக்கு நான் வீட்டை வரேல்ல. ஹோபார்ட்டிலயே வேலை எடுத்துக்கொண்டு நிண்டிடுவன்” என்றாய். நீ சிரிப்பாய் என்று காத்திருந்தேன். நீ சிரிக்கவில்லை. அன்று முழுக்க நான் எவருக்கும் எந்தக் குறும்பும் செய்யவில்லை. அம்மா பயந்துபோய் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சல் பார்த்தார். வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரி நர்ஸ் அல்லவா, வெப்பமானியும் வைத்துப் பார்த்தார்.

உன் பக்கமும் பிழை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். எல்லாக் கடதாசியிலும் கையெழுத்து வைத்து முடித்துவிட்டு, இடியப்பத் தட்டுக்கு முன்னால் வந்து, குளிர்காலம் முழுக்க அன்டார்க்டிகாவில்தான் என்று அறிவித்தாய். அப்பா சொதியை ஊற்றிக்கொண்டே, “போறவைக்கு என்னட்டை என்ன கேள்வி” என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து நீ போன் எடுத்தால் அவர் கராஜுக்குப் போய்விடுவார். தமிழில் ஒளி என்றால் வெளிச்சம். ஒளி என்றால் மறைந்துகொள் என்றும் அர்த்தம். அப்பாவுக்கு எப்போதும் இரண்டாவதுதான். வெளிச்சத்தோடு அவருக்கு என்ன பகை என்று உனக்குத் தெரியும். ஊரெல்லாம் பிரிட்ஜ், ஏசி திருத்துகிறவர், வீட்டுக்கு வந்தால் லைற் நிற்பாட்டுவதுதான் உத்தியோகம். நான் தலைக்குச் சம்பூ போட்டுக்கொண்டு நிற்கும்போதே குளியலறை இருண்டுவிடும். துருவ இரவு பார்க்க நீ அவ்வளவு தூரம் போயிருக்கவே வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ போகும்போது என் பள்ளிக்கூட விஞ்ஞான ஒப்படைக்கென்று ஒரு குப்பி துருவப் பாசி தந்தாய். கண்ணுக்குத் தெரியாத சின்னச் சாமான்கள், ஆய்வுகூடத்தில் மிஞ்சியவை, ஒருவருக்கும் தீங்கில்லாதவை என்றாய். வெளிச்சமே படாமல் பிரிட்ஜில் வைத்திருக்க வேண்டும், உனக்கு அங்கே சூரியன் திரும்பியதும் நான் இங்கே வெளிச்சம் காட்ட வேண்டும், உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இதுதான் ஒப்பந்தம்.

ஆனால் பெயர் தெரியாத எதையும் அப்பா தன் பிரிட்ஜில் வாழவிடமாட்டார். அம்மாவின் தோசை மாவே இரண்டு தடவை சிங்கில் போயிருக்கிறது. ஆகவே மூளையைப் பாவித்தேன். மன்னார்க் கத்தோலிக்க வீட்டில் எவரும் கொட்டத் துணியாத தண்ணீர் எது? மாதா உருவில் செய்த, தலையின் நீல மணிமுடியே மூடியான வெறும் தீர்த்தப் போத்தல் ஒன்று அலுமாரியில் கிடந்தது. பாசியை அதற்குள் விட்டேன். வெளிச்சம் புகாமல் மாதாவுக்கு அலுமினியத் தாளால் வெள்ளி அங்கி சாத்தினேன். மேலே “மடு மாதா தீர்த்தம்” என்று ஒட்டினேன். வேலை செய்தது. அப்பா பிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் போத்தலைப் பார்த்துச் சிலுவை போட்டார்.

நேற்று செபக்குழு நம் வீட்டில். செபக் கருத்து, அதாவது வேண்டுதல், என்ன தெரியுமா? நீ பத்திரமாகத் திரும்பி வருவது. நடத்தியவர் மாக்கிறேட் அன்ரி. அவர் ‘ஆமென்’ சொன்னால் லிட்கம் ரயில் நிலையத்தில் நிற்கிறவர்களும் சிலுவை போடுவார்கள். வட்டிலாப்பம் வைக்கக் கராஜ் பிரிட்ஜைத் திறந்தவர், போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்தார். “மடுத் தீர்த்தத்தை ஆரும் கோழிக்கறிக்குப் பக்கத்தில வைப்பினமோ?” என்று அம்மாவுக்கு ஏச்சு. நான் கடைசிக் கதிரையிலிருந்து எழும்ப முதல் அங்கி கிழிந்தது, முடி கழன்றது, துருவக் கடல் எல்லார் தலையிலும் தெளிபட்டது.

அக்கா, அது மணத்தது. செபத்துக்கு வந்திருந்த பிரஷாந்தன் அங்கிள் மூக்கை உயர்த்தி, “பேசாலைக் கடல் மணக்குது, மாதாவே!” என்று ஊர் நினைவில் கண்ணைத் துடைத்தார். அவர் வெள்ளைச் சேர்ட்டில் பழுப்புப் புள்ளிகள். அதுவரை பரவாயில்லை என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிறகு அன்ரி குசினியிலிருந்து ஒரு கரண்டி எடுப்பித்தார். “மகளோட கதைக்காத வாய்க்குத்தான் முதல் கரண்டி. ஆவெண்ணும், செல்வரட்ணம்” என்றார். அப்பா விழுங்கினார்.

“அன்ரி, அது தீர்த்தம் இல்ல! அக்காவின்ர பாசி!” என்று கத்திவிட்டேன்.

அம்மா ஓடிவந்து அப்பாவின் நாடியைப் பிடித்தார். குடித்தால் என்ன செய்யும் என்று பிரஷாந்தன் அங்கிள் கேட்க, நீச்சல் வரும் என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா இப்போது வெடிப்பார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் உதட்டை நக்கினார். எழும்பிப் போத்தலைப் பறித்தார். சுவருக்குப் போய் வரவேற்பறை லைற்றை நிற்பாட்டினார். யன்னல் சீலையையும் இழுத்து மூடினார். “எவ்வளவு மிச்சம் இருக்கு? இருட்டில வைக்கச் சொன்னவளெல்லே. அவளின்ர சூரியன் இன்னும் வரேல்ல” என்றார்.

இருட்டுக்குள் மாக்கிறேட் அன்ரியின் குரல், வெளிச்சம் இல்லாமல் உதுகள் என்னத்தைத் தின்று சீவிக்குதுகள் என்று கேட்டது.

அப்பாவின் குரல் சொன்னது: “வெளிச்சம் இருக்கேக்க சமைச்சு, எண்ணெய்த் துளியா உள்ளுக்குச் சேர்த்து வைச்சிருக்கும். இருட்டு வந்தா எல்லா வேலையையும் குறைச்சுப்போட்டு, அந்தக் கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமா எரிச்சுக்கொண்டு சும்மா கிடக்கும். சிலது தடிச்ச ஓடு போட்டுக்கொண்டு நித்திரை. சிலது கெட்டிக்காரர், பக்கத்தால போற பக்டீரியாவைப் பிடிச்சுத் தின்னும். ஆனா வெளிச்சம் பிடிக்கிற மெசினை மட்டும் கழட்டி எறியாது. பிரிட்ஜ் கொம்பிரசர் மாதிரி. நிண்டிட்டுதெண்டா செத்துப்போச்செண்டு இல்ல. துளி வெளிச்சம் பட்டாக் காணும், அதுவே போதும், திரும்பத் தொடங்கும்.”

கொம்பிரசரைத் தவிர அத்தனையும் நீ எனக்குப் போனில் சொன்னவை. ‘கெட்டிக்காரர்’ என்ற சொல்லை நீ இழுக்கிற மாதிரியே இழுத்தார். நான் எப்போதும் உன்னை ஸ்பீக்கரில் போட்டுத்தான் கதைப்பேன். கராஜுக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு மெல்லிய சுவர். மனிதர் அங்கே போனது ஆணி பொறுக்குவதற்கில்லை அக்கா. ஒரு அழைப்பும் விடாமல் கேட்டிருக்கிறார்.

மாக்கிறேட் அன்ரிக்கும் விளங்கிவிட்டது. “அப்ப நீரும் அந்த இனம்தான். கதைக்காம சிரிக்காம, உம்மட கொழுப்பிலயே சீவிக்கிறீர்” என்றார். இருட்டில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதில் ஒரு சிரிப்பு, கனகாலமாகக் கேட்காத சிரிப்பு, லைற் சுவிட்சுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

போத்தலில் அடிமட்டும்தான் மிச்சம், பழுப்பாக ஒரு படை. இன்று காலையில் நீ அனுப்பிய படம் வந்தது. பனிக்கு மேலே எலுமிச்சந்தோல் அளவுக்கு உன் சூரியன். போத்தலை வெளியே எடுக்கலாம் என்று கராஜுக்கு ஓடினேன். அப்பா எனக்கு முன்பே அங்கே நின்றார், கையில் திருப்புளி. “வெளியால எடுக்காத, அதுகளுக்குச் சூடு ஆகாது. குளிருக்க வைச்சே வெளிச்சம் குடுக்கவேணும்” என்றார். கதவை மூடினாலும் உள்ளே லைற் அணையாதபடி வயரை மாற்றிக் கட்டியிருக்கிறார்.

நீ நம்பமாட்டாய், கண்ணால் பார்த்திராவிட்டால் நானும் நம்பியிருக்கமாட்டேன். ஆனால் கதவின் ரப்பர் ஓரத்தால் நூல்போல வெளிச்சம் கசிகிறது. இந்த மனிதர் தன் வாழ்நாளில் முதல்தடவையாக ஒரு லைற்றை எரியவிட்டிருக்கிறார், அதுவும் யாரும் இல்லாத ஒரு பெட்டிக்குள். பாசி உயிரோடு இருக்கிறதா என்று இன்னும் தெரியாது. பூசையால் வந்ததிலிருந்து மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டார். மூன்றாவது தடவை, எங்கேயோ பார்த்துக்கொண்டு, “அவள் எத்தினை மணிக்கு எடுப்பாள்?” என்று கேட்டார்.

ஆகவே இன்றைக்கே எடு. நான் போனை அப்பாவின் கையில் வைத்துவிட்டுக் கராஜுக்குப் போய்விடுவேன். இனி ஒட்டுக்கேட்பது என் முறை. மன்னிப்பு, கோபம், கையெழுத்து என்று எதையும் தொடங்காதே. பிரிட்ஜுக்குள் வெளிச்சம் காணுமா என்று மட்டும் கேள். மிச்சம் தானாகத் தொடங்கும். ஹோபார்ட்டில் வீடு பார்ப்பதையும் நிற்பாட்டு.

மடு மாதாவும் போத்தல் மாதாவும் உன்னைப் பனியில் வழுக்காமல் காக்கட்டும். கோடைக்கு நேரே வீட்டுக்கு வா அக்கா. இங்கே ஒரு லைற் வீணாக எரிந்துகொண்டிருக்கிறது, அதை நிற்பாட்டச் சொல்ல எங்கள் ஒருவருக்கும் மனம் வரவில்லை.

பாசியும் பாசமும் குறையாத தங்கை,
டில்ஷா