உன் ரைஃபிளை என் அளவுக்கு வெட்டிவிட்டேன்

என் கோமுவுக்கு,

தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "அமரர் கோமதி அம்மாள் அவர்கள்" என்று ஆரம்பித்தேன். யாரோ எழுபது வயது மாமியைப் பற்றி எழுதுகிற மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு உனக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன். படிக்கிறவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும். சாந்த்ராகாச்சி ரயில்வே காலனியில் வளர்ந்தவள் நீ, தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். அதனால் பெரிய வார்த்தை எதுவும் போடவில்லை.

நீ போனபிறகு இரண்டாவது துர்கா பூஜையும் வந்து போய்விட்டது. பாதாள ரயிலுக்குத் தோண்டுகிற பள்ளம் நம் தெருமுனைக்கே வந்துவிட்டதால், கிடர்பூர் ஆபீசுக்கு இப்போது ஊரைச் சுற்றிக்கொண்டு பஸ் பிடிக்கிறேன். சாயங்காலம் வந்தால், சாவியை எடுப்பதற்கு முன்னால் கை கதவைத் தட்டப் போகிறது. இன்னும் போகிறது. கரண்ட் போனால் "ஓகோ, ஷுன்ச்சோ, கேக்குதா, லாந்தரை எங்கே வைத்தீங்க?" என்று வங்காளி வீட்டுப் பெண்ணும் திருநெல்வேலிப் பெண்ணும் பாதிப்பாதியாகக் குரல் கொடுப்பாயே. இப்போது கரண்ட் போனால் நான் அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு மட்டும் எதற்கு லாந்தர்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் சுட ஆரம்பித்துவிட்டேன், கோமு. உன் ரைஃபிளில்தான். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. இவள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். கல்யாணமாகி வரும்போதே குறிபார்த்துச் சுடுவதில் பேர் வாங்கியவள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பராக்பூர் பக்கத்து ரேஞ்சுக்குப் போவோம். இவள் குப்புறப் படுத்து முந்நூறு மீட்டரில் சுட்டுக்கொண்டிருப்பாள். நான் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, நாவல் மரத்தடியில் முதுகைக் காட்டியபடி வாரப் பத்திரிகை படிப்பேன். சத்தம் எனக்கு ஆகாது. டிபன் டப்பாவும் தண்ணீர்க் கூஜாவும்தான் என் பொறுப்பு. என்னைவிட இரண்டு விரற்கடை உயரமானவள் வேறு. ரேஞ்சில் எல்லாருக்கும் எங்களைப் பார்த்தால் கொஞ்சம் வேடிக்கைதான்.

மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். திரும்பக் கூட்டிவரவில்லை. அதற்குமேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

காரியமெல்லாம் முடிந்த கொஞ்ச நாளில் போலீஸ் தாணாவிலிருந்து ஆள் வந்தான். லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டுமாம். உன் ரைஃபிளைக் கான்வாஸ் உறையில் போட்டு, மடியில் கிடத்திக்கொண்டு ரிக்ஷாவில் போனேன். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனுஷர். நாற்காலி போடச் சொல்லி, டீயும் வரவழைத்தார்.

"வித்துடுங்க அண்ணா. நல்ல சாமான், கேட்டு வாங்கிப்பாங்க" என்றார்.

"என் பேருக்கு மாத்திக்கலாமா?"

"மாத்தலாம். நீங்க சுடுவீங்களா?"

"கத்துக்குவேன்."

என் வாயிலிருந்துதான் வந்தது. எப்படி வந்தது என்று இன்னும் தெரியவில்லை. வெற்றிலை பாக்கு வாங்குவதற்குக்கூட உன்னைக் கேட்கிற ஆள் நான். அவர் ஒரு விண்ணப்பத் தாளை என் பக்கம் நகர்த்தினார். "கிளப்பில் உறுப்பினராகணும், விசாரணை வரும், நாளாகும்" என்றார். எனக்கு என்ன அவசரம்? ரைஃபிள் துப்பாக்கிக் கடைக்காரர் பொறுப்பில் போயிற்று. அலமாரியில் அது நின்ற இடத்தில் உன் குடையை வைத்தேன். சரியாக இல்லை. எடுத்துவிட்டேன்.

எப்போதும் உனக்கு அடுத்த பாயில் படுத்துச் சுடுவாளே, பேங்க் ஷிப்ரா, அவள்தான் என்னைக் கிளப்பில் சேர்த்துவிட்டாள். உன்னை அக்கா முறையில் தீதி என்று கூப்பிட்டவள் என்னை இன்னும் அத்தான் முறையில் ஜாமாய்பாபு என்றுதான் கூப்பிடுகிறாள். "எடுத்த எடுப்பில் பெரிய ரைஃபிள் கிடையாது" என்று சொல்லி, கிளப்பின் சின்னத் துப்பாக்கியைக் கையில் கொடுத்து ஐம்பது மீட்டரில் படுக்க வைத்தாள். தோல்வாரை இடது கையில் சுற்றுவது, மூச்சைப் பாதி விட்டு நிறுத்துவது, விசையை இழுக்காமல் அழுத்துவது எல்லாம் அவள் சொல்லிக் கொடுத்ததுதான். திட்டுவாள். தலையில் கைவைத்து உட்கார்ந்துகொள்வாள். ஆனால் ஒரு ஞாயிறுகூட என்னை விட்டுவிட்டுப் போனதில்லை.

லைசென்ஸ் கைக்கு வந்து ரைஃபிள் வீட்டுக்கு வந்தபோது நீ இல்லாத முதல் பூஜையே வந்துவிட்டது. தோட்டா போடாமல் வீட்டிலேயே பழகலாம் என்று ஷிப்ரா சொல்லியிருந்தாள். கூடத்தில் பாயை விரித்து, சுவரில் கரியால் ஒரு புள்ளி வைத்து, படுத்துக் குறிபார்த்து விசையை அழுத்துவேன். டிக் என்று வெறும் சத்தம்தான். லக்ஷ்மி பூஜைக்கு மறுநாள் கீழ்வீட்டு வங்காளி மாமி, நம் மாஷிமா, தேங்காய் நாடு உருண்டை எடுத்துக்கொண்டு மாடியேறி வந்திருக்கிறாள். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே நான் துப்பாக்கியோடு தரையில் கிடக்கிறேன். தட்டு விழுந்த சத்தத்தில்தான் திரும்பிப் பார்த்தேன்.

"பாபா! ஏ கீ கோர்ச்சோ! என்ன காரியம் பண்றே!" என்று கத்தினாள். அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். "அவ போயிட்டான்னு நீயும் போகணுமா? எனக்குப் பேச்சுத் துணைக்கு யார் இருக்கா?"

இது விளையாட்டு மாஷிமா, பழகுகிறேன், உள்ளே குண்டே இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "இதுல எது இல்லேன்னா இது சுடாது?"

போல்ட்டைக் கழற்றிக் காட்டினேன். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற இரும்புத் துண்டு, உள்ளங்கைக்கு அடங்கும். அது இல்லாவிட்டால் உன் ரைஃபிள் வெறும் கம்புதான். மாஷிமா புடவைத் தலைப்பை ஏந்தினாள். "போடு" என்றாள். போட்டேன். முடிந்துகொண்டு போய்ப் பூஜை அறையில் குழந்தைக் கிருஷ்ணன் கோபாலின் தொட்டிலுக்குப் பின்னால் வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே போய்ப் போல்ட்டை வாங்கிக்கொள்கிறேன். ஒரு டம்ளர் டீ குடிக்காமல் தரமாட்டாள். சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும்போது முகத்தைப் பார்ப்பாள், என்ன சாப்பிட்டாய் என்பாள். வாரம் முழுவதும் என்னை ஒருத்தர் முகத்துக்கு நேரே பார்க்கிறது அந்த ஒரு தரம்தான்.

அந்த நினைப்பு உங்களுக்கு வந்ததே இல்லையா என்று நீ கேட்பாய். சாக வேண்டும் என்று வந்ததில்லை. காலையில் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று வந்திருக்கிறது. அடிக்கடி வந்திருக்கிறது. மாஷிமா அதைத்தான் கண்டுபிடித்தாளோ என்னவோ.

முந்நூறு மீட்டரில் முதல் நாள் எப்படி இருந்தது தெரியுமா? கேவலம். அந்த ரைஃபிளை முதலில் செய்துகொண்டவர் ஓர் ஆங்கிலோ இந்திய இன்ஜின் டிரைவர். ஜெர்மன் இரும்புக்குக் காஷ்மீர் வால்நட் மரத்தில் கட்டை கடைந்து, தன் உடம்புக்கு அளவெடுத்துச் செய்துகொண்டவர். அவர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகும்போது நீ அதை வாங்கினாய். உன் கைக்கு அது கச்சிதமாக இருந்ததை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். என் கைக்கு அது நீளம். தோளில் வைத்தால் கழுத்தை ஆமைபோல் நீட்டினால்தான் பின்னாலிருக்கும் குறித்துளைக்குக் கண் எட்டும். நீட்டினால் கன்னம் கட்டையை விட்டு எழும்பிவிடும். சுட்டால் தோளில் இடிக்க வேண்டியது புஜத்தில் இடிக்கும். தூரத்தில் மண்மேட்டுக்குக் கீழே இருந்த ஆள் சிவப்புக் கொடியை ஆட்டினான். படவில்லை என்று அர்த்தம். அன்று முழுக்க அவன் கொடியைக் கீழே வைக்கவேயில்லை. புஜம் கத்திரிக்காய் நிறத்தில் கன்றிப்போயிற்று. வெந்நீர் ஒத்தடம் கொடுக்க இன்னொரு கை வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கட்டையின் பின்பக்கத்தை வெட்டணும், ஜாமாய்பாபு" என்றாள் ஷிப்ரா.

"வெட்டமாட்டேன்."

"அப்போ சுடவும் மாட்டீங்க."

ஒரு குளிர்காலம் பூராவும் அப்படியே ஓடிற்று. கொடி ஆடியது, நான் கழுத்தை நீட்டினேன். வெட்டினால் என்ன போய்விடும் என்று நீ கேட்கலாம். அது உன் உயரம், கோமு. உன் புடவை, உன் செருப்பு எல்லாம் என் அக்கா வந்து யார் யாருக்கோ கொடுத்துவிட்டாள். நீ எவ்வளவு உயரம், உன் கை எவ்வளவு நீளம் என்று சொல்ல வீட்டில் மீதி இருந்தது அந்தக் கட்டை ஒன்றுதான். அதை ரம்பத்தில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

கடைசியில் ஒருநாள் ஷிப்ராவுக்குப் பொறுமை போய்விட்டது. ரேஞ்சிலிருந்து திரும்பி வரும்போது தன் காரை ஓரமாக நிறுத்தினாள். "தீதி உங்ககிட்ட சொல்லலையா?" என்றாள்.

"எதை?"

"அந்த டிரைவர் ஆறடிக்கு மேலே. அவர் கட்டை தீதிக்கும் நீளம்தான். வாங்கின மறுநாளே நாங்க ரெண்டு பேரும் கடைக்குப் போய் வெட்டிக்கிட்டு வந்தோம். எங்கப்பா வயசு ஆள் ஆசையா செய்தது, வெட்ட மனசு வருதான்னு நான் கேட்டேன். தீதி என்ன சொன்னா தெரியுமா? 'அவர் சுட்டாச்சு. இனிமே நான்தானே சுடணும்.'"

நீ எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருப்பாயோ, நான் பத்திரிகை படித்துக்கொண்டு ஊம் கொட்டியிருப்பேனோ, தெரியவில்லை. அந்தக் குரலை மட்டும் என்னால் அப்படியே கேட்க முடிந்தது. உனக்கு எதையும் இரண்டாம் தடவை யோசிக்கத் தெரியாது.

தர்மதலா பக்கத்துக் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் என் கையை மடக்கச் சொல்லி அளவெடுத்தார். ரம்பத்தைக் கையில் எடுத்ததும் நான் வெளியே வந்துவிட்டேன். நடைபாதையில் கொய்யாப்பழக்காரன் பக்கத்தில் நின்றேன். டிராம் போன சத்தத்தில் மற்றது கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு பாயில் படுத்து ரைஃபிளைத் தோளில் வைத்தேன். கழுத்தை நீட்ட வேண்டியிருக்கவில்லை. தலையைச் சாய்த்தேன். கட்டையில் ஓர் இடம் மட்டும் கறுத்து வழவழவென்று இருக்குமே, வருஷக்கணக்காக உன் கன்னமும் தேங்காயெண்ணெய்த் தலைமுடியும் பட்டுப் பட்டு? என் கன்னம் நேராக அந்த இடத்தில் போய்ப் படிந்தது. இவ்வளவு நாள் அதற்குப் பின்னால்தான் முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன், முன்னால் எட்டவேயில்லை. வெட்டினால் நீ போய்விடுவாய் என்று நினைத்தேன். வெட்டியபிறகுதான் உன் இடத்துக்கு வந்துசேர்ந்தேன். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டதால் முதல் தோட்டாவை வீணாக்கினேன். ஷிப்ரா திட்டவில்லை.

"காத்துக்கு நட்ட கொடியைப் பாருங்க. காத்து இடதுபக்கத்துலேர்ந்து வருது. ஓயட்டும்" என்றாள் மெதுவாக. ஓய்ந்தது. அழுத்தினேன். தூரத்தில் சிவப்புக் கொடி வரவில்லை. வெள்ளைத் தட்டு ஒன்று குச்சியில் ஏறி, இலக்கின் ஓரத்தில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டியது. ஓரம்தான். ஆனாலும் பட்டது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் துளையில் கண்ணை வைத்து மூச்சை நிறுத்துகிறபோது ஒன்றுமே இருப்பதில்லை, கோமு. ஆபீஸ் இல்லை, பூட்டிய வீடு இல்லை, நீகூட இல்லை. நீ போனதும் இல்லை. கறுப்புப் புள்ளியும் அதன்மேல் நடுங்குகிற கானலும் மட்டும்தான். எழுந்து தோல்வாரைக் கழற்றும்போது எல்லாம் மறுபடி வந்து மேலே உட்கார்ந்துகொள்கிறது. நீயும் இப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைவிட்டு எங்கோ போய்விட்டு வந்தாயா? மரத்தடியில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதே உனக்கு ஞாபகம் இருக்காதா? கோபமில்லை. முதலில் கொஞ்சம் வலித்தது. பிறகு, இவ்வளவு அமைதியான ஓர் இடம் உனக்கு இருந்ததே என்று சந்தோஷமாக இருந்தது. ஆனால் அதை நீ இருக்கும்போது கேட்டுத் தெரிந்துகொண்டு, இரண்டு பேருமாகப் பேசியிருந்தால் எப்படி இருந்திருக்கும்?

அன்று வீட்டுக்கு வந்து, பட்டது என்று சொல்ல ஆள் தேடினேன். மாஷிமாவிடம் சொன்னேன். "யார்மேல பட்டுது?" என்று பயந்துபோனாள். உன்னிடம் சொல்லியிருந்தால் எந்தப் பக்கம், எத்தனை அங்குலம், காற்று எப்படி என்று என்னைத் தூங்கவிடாமல் கேட்டிருப்பாய்.

இப்போது ஷிப்ராவுக்குச் சிலிகுரி கிளைக்கு மாற்றல். பொங்கலுக்கு முன்னால் போய்விடுவாள். கொடியைப் பார்த்துக் காற்றைச் சொல்ல இனி எனக்கு ஆள் கிடையாது. மெட்ராஸிலிருந்து அக்கா, மாற்றல் கேட்டு வந்துவிடு, அங்கே யார் இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டே இருக்கிறாள். கடிதங்களை அலமாரியில் அடுக்கி வைக்கிறேன். ஆனாலும் விண்ணப்பம் போடவில்லை.

தை மாதம் பீஹார் பக்கத்தில் ஓர் இடத்தில் அறுநூறு கஜத்துக்குச் சுடப் போகிறார்களாம், கிளப்பில் பேர் கேட்டார்கள். என் பேரைக் கொடுத்துவிட்டேன். அவ்வளவு தூரம் நீயும் சுட்டதில்லை, சொல்லிக் கொடுக்க இங்கே யாரும் சுட்டதில்லை. ஹவுராவில் தனியாகத்தான் ரயிலேறப் போகிறேன். அங்கே காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் நானே பார்த்துக்கொள்கிறேன். கொடி எந்த நிறத்தில் ஆடினாலும், கையிலிருக்கும் கடைசித் தோட்டாவைச் சுட்டுவிட்டுத்தான் பாயைச் சுருட்டுவேன். இது உனக்கு நான் செய்து கொடுக்கும் சத்தியம்.

என்றும் உன் வீட்டுக்காரன்,
சுந்தரம்
டாலிகஞ்ச்