ஆணியில் தொங்கும் பிளேடு

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று பயந்துவிடாதே, உன்னைத் தொந்தரவு செய்வதற்கு மன்னித்துக்கொள். நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து நிற்கிறார், இது அவர் காதில் விழக் கூடாத விஷயம். எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதத்தான் ஆசை, கை வரவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இரு.

அப்பா இன்னும் பள்ளி மைதானத்தில் புல் வெட்டும் மெஷின் ஓட்டுகிறார். சனிக்கிழமை ஆனால் பிளேடைக் கழற்றிச் சாணை பிடித்து, நடு ஓட்டையைச் சுவர் ஆணியில் மாட்டிப் பார்ப்பார். சாய்கிற முனை கனம், அதை இன்னும் அராவ வேண்டும், இரண்டு பக்கமும் சமமாக நின்றால்தான் மெஷினில் பூட்டலாம். ஒரு வருடமாகச் சாய்ந்து தொங்குகிற பிளேடைப் பார்த்து, "பாத்தியா, தராசு மாதிரி நிக்குது" என்கிறார். சாய்கிறதே என்று ஒருநாள் சொன்னேன், "பட்டம் வாங்குன அம்மாவுக்குப் பிளேடு வேற தெரியுமோ" என்று சிரித்தார். நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கினவள் நான்தான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்பவரும் அவர்தான். அவர் மனம் நோகக் கூடாது என்று, குளிக்கப் போகிற நேரம் பார்த்து நானே அரத்தை எடுத்துக் கனமான முனையை அராவி வைத்துவிடுவேன். இப்போது கண் டாக்டரிடம் போகலாம் என்றால், "கண்ணு சரியில்லன்னா மெஷின் இப்படி ஆடாம ஓடுமாடி" என்று என்னையே கேட்கிறார்.

போன சனிக்கிழமை உன் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். அராவ ஆளில்லை. மறுநாள் மெஷின் உதறி, போல்ட் அறுந்து, பிளேடு பறந்துபோய் ஒன்றாம் வகுப்புக் கதவில் குத்தி நின்றிருக்கிறது. விடுமுறை என்பதால் யாருமில்லை. அப்பா "போல்ட் மட்டம்" என்று போல்ட்டும் பிளேடும் புதுசாக வாங்கி வந்துவிட்டார். நான் போய்க் கதவைப் பார்த்தேன். என் முழங்காலுக்குச் சற்று மேலே, குனிந்து செருப்பு மாட்டுகிற பிள்ளையின் முகம் இருக்கிற உயரம். அவர் சாணை பிடித்த புதுப் பிளேடும் ஆணியில் சாய்ந்துதான் தொங்குகிறது, இந்த முறை நான் தொடவில்லை. பிளேடைப் பூட்டுகிற ஸ்பேனரை என் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன், அவர் வீட்டையே கவிழ்த்துத் தேடிக்கொண்டிருக்கிறார். பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கிறது.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும், உன் கையும் காலும் கண்ணும் பத்திரம். அந்த ஊர்க் குளிருக்குக் காதை மூடிக்கொள். டாக்டரிடம் அவரை நான் கூட்டிப் போய்க்கொள்கிறேன். இத்தனை நாளும் அராவினது அம்மா என்று மட்டும் நீ போன் போட்டு அவரிடம் சொல்லிவிடு, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன் அம்மா