இரட்டைவாயிலில் பதிந்த கைக்குறி

நலம் பெருகுக. வயலில் நெல்லும் பாத்தியில் உப்பும் விளைக. வானம் தெளிக.

மும்மலைகளுக்கும் அவற்றின் நடுவே செல்லும் ஒரே வழிக்கும் உரிமை கொண்டவரும், சிற்றரசர் பலரைத் தம் குடைக்கீழ் வைத்தவரும், தம் வலக்கையின் குறி படாத எந்தப் பொருளும் தம் வாயிலைக் கடக்கலாகாது என்று ஆணை நிறுத்தியவருமான மும்மலைக்கோன் ஆழிமார்பப் பெருமாள் திருமுன்புக்கு, கீழ்க்கடற்கரையில் வெண்மணல் நாடு ஆளும் வரகுணாட்டி அரசியாரின் திருவாய்மொழிப்படி ஓலைநாயகன் சாத்தன் பூதி எழுதிய ஓலை. தங்கள் குடியும் கோட்டையும் யானைகளும் நலமாயிருக்க அரசியார் வாழ்த்துகிறார். தங்கள் ஓலையைக் கொண்டுவந்த வீரர்களுக்கு நிழலும் மோரும் மீனும் குறைவின்றிக் கொடுக்கப்படுகின்றன.

தங்கள் ஓலையில் இரண்டு கட்டளைகள் கண்டோம். செவ்வாய்க் கோளுக்கு நாங்கள் அனுப்பவிருக்கும் கலத்தை ஏவுமேடையிலிருந்து இறக்கி, இரட்டைவாயிலுக்குத் திருப்பிக் கொண்டுவந்து, தங்கள் கைக்குறி பெற்ற பின்பே ஏவவேண்டும் என்பது ஒன்று. தங்களுக்கே உரிய கைக்குறியைத் தன் கையால் இட்டுத் தப்பிய கலநாயகி குஞ்சரமல்லியைக் கட்டி அனுப்பவேண்டும், அவர் வலக்கை அதே வாயிலில் வெட்டப்படும் என்பது மற்றொன்று. விடை இவ்வோலையின் முடிவில் இருக்கிறது. அதற்கு முன் நடந்ததைத் தாங்கள் கேட்டாக வேண்டும். தங்கள் வாயில்நாயகர் கோளரியார் எழுதி அனுப்பியதில் பாதி விடுபட்டிருக்கிறது. பேசியவர் பேசியபடியே எழுது என்பது அரசியாரின் கட்டளை. ஆகவே ஓலைக்குரிய நாகரிகம் சில இடங்களில் குறைந்தால் பொறுத்தருளவும்.

அந்தக் கலம் தட்டார்குன்றத்துப் பட்டறையில் குஞ்சரமல்லியின் தலைமையில் உருவானது. செவ்வாயின் மண்ணில் இறங்கி, அங்கே உயிர் என்று ஏதேனும் இருக்கிறதா எனத் துழாவிப் பார்த்து நமக்குச் சொல்லவேண்டிய கலம். நம் கையிலும் மூச்சிலும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் சில ஒட்டிக்கொண்டு போனாலும் போதும். கலம் அங்கே இறங்கி, நம் வீட்டு அழுக்கையே கண்டெடுத்து, செவ்வாயில் உயிர் இருக்கிறது என்று செய்தி அனுப்பிவிடும். ஆகவே வெறுங்கையால் அதை யாரும் தொடக்கூடாது என்பதே பட்டறையின் முதல் விதி. அருகில் போகிறவர்கள் குளித்து, தலையை மூடி, வாயைக் கட்டி, கையுறை அணியவேண்டும். ஆண்கள் தாடி மீசையை மழித்துவிட வேண்டும். அரசியாரே ஒருமுறை வளையல்களைக் கழற்றிவிட்டு, வாய்த்துணி கட்டிக்கொண்டு பார்க்கப் போனார். அப்போதும் மல்லி அவரைக் கதவருகிலேயே நிறுத்திவிட்டார்.

பட்டறை மலையில் இருக்கிறது. ஏவுமேடை கடற்கரையில் இருக்கிறது. இடையில் தங்கள் வாயில் இருக்கிறது. கலத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடி, ஈரமற்ற தூய காற்றைத் தோல்பைகளில் அடைத்து, அது எப்போதும் பெட்டிக்குள் போய்க்கொண்டிருக்கும்படி செய்தார்கள். ஈரம் புகுந்தால் உள்ளே உள்ள நுண்கருவிகள் பாழாகிவிடும். யானை நடந்தால் சுமை ஆடும் என்று மல்லி காளைகளைத்தான் கேட்டார். பெட்டியின் பக்கத்தில் ஒரு சிறிய வெண்கல மணியையும் தொங்கவிட்டார். மணி அடித்தால் கலம் அதிர்ந்துவிட்டது என்று பொருள்; அப்படியே திரும்பிப் பட்டறைக்குப் போய் எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கவேண்டும். அதற்குள் காலம் போய்விடும். செவ்வாய் நம் பக்கம் நெருங்கி வருவது இரண்டாண்டுக்கு ஒருமுறை. சில நாட்கள் மட்டும் திறந்திருந்து மூடிக்கொள்ளும் கதவு அது.

வண்டித்தலைவன் கோடன் வாய் சும்மா இருக்காதவன். மலையிறக்கத்தில் நத்தைபோல் ஊர்ந்தபோது, "தாயி, கல்யாணத்துக்குப் பொண்ணு வீட்டுக்குக்கூட நான் இவ்வளவு மெதுவாப் போகல" என்றானாம்.

"போயிருந்தா அந்தப் பொண்ணு பிழைச்சிருக்கும்" என்றார் மல்லி.

இப்படியாக அவர்கள் ஒரு மணியோசையும் இல்லாமல் இரட்டைவாயிலுக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே வழியை மறித்துக் குறுக்குமரம் இறக்கப்பட்டிருந்தது. அதன் அருகில் கல்தூணின்மேல், தங்கள் பெயரால் வாயில்நாயகர் உள்ளங்கை பதித்துக் குறி இடுவதற்கான செஞ்சாந்துக் கிண்ணம் இருந்தது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

கோளரியார் இரண்டு கையாலும் மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார். அந்த மீசையைப் பற்றித் தங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. காதுவரை போய் வளைந்து திரும்புவது.

"என்ன அம்மணி, பெட்டிக்குள்ள பிள்ளை தூங்குதா? திற. தட்டி எழுப்புறேன்."

"இந்தப் பிள்ளை செவ்வாயிலதான் கண்ணு முழிக்கணும் ஐயா. பெட்டிமேல குறி வைங்க. எத்தனை வேணும்னாலும் வைங்க."

"பெட்டிக்கு எதுக்குக் குறி? பல்லக்குல பொண்ணு வந்தா பல்லக்குக்கா வைக்கிறோம்? பொண்ணு நெத்தியில வைக்கிறோம். அம்மன் சிலை வந்தாலும் அப்படித்தான். எங்க பெருமாள் கை செவ்வாய்க்குப் போகணும். அதை வச்சு அனுப்பப்போறது இந்தக் கோளரி."

மல்லிக்கு அப்போதுதான் புரிந்தது. இது வழக்கமான சோதனை அல்ல. மேலிருந்து வந்த ஆணை. உயிர் உண்டா என்று கேட்கப்போகிற கலத்தின் நெஞ்சில் ஓர் அரசரின் பெயரால் உள்ளங்கை அழுக்கு. வேலை செய்த அத்தனை பேரும் வாயைக் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கியது இதற்காகவா என்று எண்ணியபோது தம் காது சூடேறியது என்று அவரே பின்னால் சொன்னார். ஆனால் குரலை உயர்த்தவில்லை. பட்டறை விதியைச் சொன்னார்.

"கிட்ட வரணும்னா குளிச்சுட்டு வாங்க. தலையை மூடிக்கணும். வாயைக் கட்டிக்கணும். மீசையை எடுத்துரணும்."

வாயில்காவலர் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவர் இருமினார்.

"மீசையையா?"

"மீசையைத்தான்."

"முளைச்சுரும் ஐயா" என்றான் கோடன் வண்டியிலிருந்து.

கோளரியார் அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். மழித்துவிட்டால் குறி வைக்க விடுவாயா என்று மல்லியைக் கேட்டார். முதலில் வாருங்கள், பிறகு பேசுவோம் என்றார் மல்லி. தங்கள் வாயில்நாயகர் சற்று நேரம் நின்று யோசித்தார். பேரரசர் கையைச் செவ்வாய்க்கு அனுப்பியவர் என்ற பெயர் ஒரு பக்கம், மீசை ஒரு பக்கம். கடைசியில் நாவிதரை அழைத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தங்கள் ஆணையின்மேல் அவருக்கு இருந்த பற்றை இவ்விடத்தில் யாரும் குறை சொல்லவில்லை.

வெளியே தோல்பைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கிக்கொண்டிருந்தன. வாயிலில் இவ்வளவு நேரம் நிற்கவேண்டி வரும் என்று யாரும் எண்ணவில்லை. தூறல் வலுத்தது. மல்லி குறுக்குமரத்தைப் பிடித்திருந்த இரண்டு காவலர்களைக் கவனித்தார். அவர்களுக்குப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று அக்கறை இல்லை. சிவப்புக் கை தெரிந்தால் மரத்தைத் தூக்குவார்கள், தெரியாவிட்டால் தூக்கமாட்டார்கள். பிறந்ததிலிருந்து அதே வேலை. கிண்ணத்துக்குக் காவல் இல்லை. அந்தச் சாந்தை வேறொருவர் தொடக்கூடும் என்ற எண்ணமே தங்கள் நாட்டில் யாருக்கும் வந்ததில்லை.

மல்லி கையுறையைக் கழற்றினார். சாந்தில் வலக்கையை அழுத்தினார். பெட்டியின் வெளிப்பலகையில், காவலர் பார்க்கும் பக்கமாக, ஐந்து விரலும் தெளிவாக விழும்படி வைத்தார்.

"குறி ஆச்சு" என்றார்.

காவலர் பார்த்தார்கள். மரத்தைத் தூக்கினார்கள்.

கோடன் சாட்டையை எடுத்தான். "ஓட்டட்டுமா தாயி?"

"மணி அடிச்சா நானே உன்னை அவங்ககிட்ட ஒப்படைச்சுருவேன். நட."

ஆகவே தங்கள் எல்லையிலிருந்து அவர்கள் ஓடித் தப்பியதாகக் கோளரியார் எழுதியிருப்பது பிழை. நடந்தே போனார்கள். எல்லைப்பாலம் கண்ணுக்கு எதிரே தெரிந்தும், முதுகு கூசியும், ஒரு காளைகூடக் காலை எட்டிப் போடவில்லை. பின்னால் கூச்சல் கேட்டது. ஆனால் துரத்துமாறு ஆணையிட யாரும் வெளியே வரவில்லை. ஏனென்றால் ஆணையிடவேண்டியவர் கதவுக்குப் பின்னால் பாதி மீசையோடு நின்றுகொண்டிருந்தார். "ஒண்ணு ரெண்டையும் எடுக்கணும், இல்ல ரெண்டையும் வச்சிருக்கணும், இப்படி வெளிய போகாதீங்க ஐயா" என்று நாவிதர் காலைப் பிடித்துக்கொண்டாராம். மறுபக்கத்தையும் எடுப்பதா, துணியால் மூடிக்கொள்வதா என்று கோளரியார் முடிவு செய்வதற்குள் வண்டி பாலத்தைக் கடந்துவிட்டது. அறிக்கையில் விடுபட்ட பாதி இதுதான். அந்த நாவிதர் இப்போது எங்கள் நாட்டில் அடைக்கலம் புகுந்திருக்கிறார். அவரை அனுப்பமாட்டோம்.

கரைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பெட்டியை வடித்த சாராயத்தால் துடைத்தார்கள். அவ்வளவு நல்ல சரக்கு மரப்பலகைக்குப் போகிறதே என்று கோடன் துக்கம் கொண்டாடினான். பெட்டியின் சூடும் கொட்டகையின் சூடும் ஒன்றாகும்வரை காத்திருந்து, பிறகே திறந்தார்கள். வெயிலை வாங்கும் கதிர்ச்சிறகுகளை விரித்து மடக்கிப் பார்த்தார்கள். எரிநீர் நிரப்பும்போது தோலுடை அணிந்தவர்களைத் தவிர மற்றவர்கள் தொலைவில் நிறுத்தப்பட்டார்கள். ஏவுதேரின் உச்சியில் கலத்தை ஏற்றித் தலைக்கூட்டை மூடும் நேரத்தில்தான் தங்கள் வீரர்கள் ஓலையோடு வந்தார்கள்.

அவை கூடியது. உப்பு வண்டிகளெல்லாம் இரட்டைவாயில் வழியாகத்தான் போகின்றன, அது மூடினால் நாடு என்னாகும் என்று ஓர் அமைச்சர் அஞ்சினார். வேறு யாரோ வைத்த குறி என்று எழுதிவிடலாமே என்றார் இன்னொருவர். கோடன் முன்னால் வந்து, அது தன் கைதான் என்றான். அவன் கை முறம்போல் இருக்கும்; நம்பத்தக்கதல்ல என்று அரசியார் தள்ளிவிட்டார்.

மல்லி எழுந்தார். "வச்சது நான்தான் தாயே. மறைக்க வேண்டாம். கலம் மேல போகட்டும், நானே போயிடறேன். ஒத்தைக் கையால வேலை செய்யப் பழகிக்கலாம். உப்பு இல்லாம ஊரு பழகமுடியாது."

அரசியார் வேலையை முடி என்று மட்டும் சொன்னார். இதுவரை எழுதிய ஏட்டுக்கும் முத்திரை இடாமல் நிறுத்தி வைத்தார்.

இனி வருவது கலம் எழுந்த பின் எழுதியது.

காலையில் மேகம் கட்டியிருந்து பிறகு விலகியது. கருவிகளின் வாய்களை மூடியிருந்த சிவப்பு நாடா கட்டிய மூடிகளை எல்லோருக்கும் கடைசியாக மேலேறிக் கழற்றியவர் மல்லி. எந்தக் கையால் என்று சொல்லவேண்டியதில்லை. அவர் இறங்கி வந்ததும் தீ மூட்டப்பட்டது. மணல் நடுங்கியது. தங்கள் வீரர்களின் தலைவர் ஈட்டியைக் கீழே போட்டுவிட்டு, எல்லோருக்கும் முன்னால் நின்று கழுத்து நோகப் பார்த்தார். வெகுநேரம் கழித்துக் கேள்விமாடத்திலிருந்து ஆள் ஓடி வந்தார்: கலத்தின் குரல் கேட்கிறது, சிறகு விரிந்துவிட்டது, பாதையில் சேர்ந்துவிட்டது.

மல்லி நேராக அரசியாரிடம் வந்தார். தங்கள் வீரர்கள் அருகில்தான் இருந்தார்கள், கேட்டுக்கொள்ளலாம்.

"எப்போ கிளம்பணும் தாயே?"

"எங்க?"

"இரட்டைவாயிலுக்கு."

"நீ போயிட்டா அடுத்த கலத்தை யாரு கட்டுறது, என் அமைச்சர்களா? நேத்துலேருந்து நீ ஒண்ணும் சாப்பிடல. போ, இலை போடச் சொல்லியிருக்கேன்."

ஆகவே தங்கள் கட்டளைகளுக்கு அரசியாரின் விடை வருமாறு.

கலத்தை இறக்க இயலாது. அது தங்கள் மலைகளுக்கும் எங்கள் கடலுக்கும் மேலே, எந்த அரசரின் கைக்கும் எட்டாத இடத்தில் போய்க்கொண்டிருக்கிறது. அதன்மேல் தங்கள் குறியும் இல்லை, எங்கள் அரசியாரின் குறியும் இல்லை, அதைக் கட்டிய குஞ்சரமல்லியின் குறியும் இல்லை. அப்படி இல்லாமல் பார்த்துக்கொள்வதற்காகவே அவர் தம் கையைத் தங்கள் கிண்ணத்தில் வைத்தார். அது குற்றமென்றால், அந்தக் குற்றத்தை இந்நாடு முழுவதும் செய்ததாக எழுதிக்கொள்ளலாம். அவரை அனுப்பமாட்டோம். கட்டியும் அனுப்பமாட்டோம், கட்டாமலும் அனுப்பமாட்டோம்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறோம். இன்று முதல் வெண்மணல் நாட்டின் உப்பு மூட்டையிலோ, காளையின் நெற்றியிலோ, மணப்பெண்ணின் நெற்றியிலோ தங்கள் கைக்குறி ஏறாது. உப்பு இனிக் கடல்வழியாகப் போகும். படகுகளுக்குக் கீல் பூசத் தொடங்கிவிட்டார்கள். தங்கள் வாயிலை மூடுவதானால் தாராளமாக மூடலாம். படையோடு வருவதானால், மணல்மேட்டு வழியில் யானையின் கால் புதையும் என்பதை முன்கூட்டியே அறிவிக்கிறோம்.

இவ்வோலையைத் தங்கள் வீரர்களிடமே கொடுத்து அனுப்புகிறோம். இதன் படியை எங்கள் எல்லைக்காவல் ஊர்கள்தோறும் உரக்கப் படிக்க ஆணையாயிற்று. மீன்முத்திரை இட்டது ஓலைநாயகன் சாத்தன் பூதி. இடும்போது அரசியார் உடனிருந்தார். குஞ்சரமல்லி இலைமுன் அமர்ந்து, வலக்கையால் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறார். அவரை எழுப்ப யாரும் வரவேண்டாம். இது வரகுணாட்டியின் ஆணை.