நாலாம் தேதி வரச் சொன்ன வக்கீலுக்கு

அன்பு மகனுக்கு, அம்மா சொல்லத் தங்கை எழுதுவது. இங்கே இருவரும் சுகம். நீ சுகமாக இருப்பது நீ அனுப்பிய நோட்டு நகலைப் படிக்கக் கேட்டபோதே தெரிந்துவிட்டது, கொஞ்சமாவது கவலை உள்ளவன் அப்படி எழுதமாட்டான். தேர்வு முடியும்வரை போனை அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னாய், அதனால்தான் இந்தக் கடிதம்.

சட்டக் கல்லூரியில் வாராவாரம் என்ன கற்றாய், எங்கே தவறினாய், ஏன் என்று எழுதச் சொல்கிறார்கள், வெட்டி வேலை என்று போன மாதம் புலம்பினாய். பத்துக்கு ஒன்பது வாங்கியதும் வெட்டி வேலை தபாலில் வீட்டுக்கு வருகிறது. கல்லூரியின் இலவசச் சட்ட உதவி மையத்தில், வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த ஓர் அம்மாளைச் சந்தித்தாயாம், பொறுமையாகக் கேட்கக் கற்றாயாம், அவர் கண்ணீர் உன்னை மாற்றிவிட்டதாம். நாலு பக்கம். எங்கே தவறினாய் என்ற இடத்தில் மட்டும், அதிக இரக்கம் காட்டிவிட்டேன் என்று ஒரே வரி. தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள இவ்வளவு நீளக் கை யாருக்கும் இருக்காது. நானும் துணி தைத்துத்தான் பிழைக்கிறேன், சட்டை இறுக்கிப் பிடிக்கிறது என்று ஒருவர் திரும்பி வந்தால் தையலைப் பிரித்து அளவு எங்கே தப்பியது என்று பார்ப்பேன், எவ்வளவு அன்பாக அளவெடுத்தேன் என்று கதை எழுதமாட்டேன். உன் தங்கை எட்டாவதோடு நின்றவள், வாய் திறக்கவே கூச்சப்படுவாள். நோட்டைப் படித்துவிட்டு இரண்டு நாள் அதையே திரும்பத் திரும்பப் புரட்டினாள். நேற்று சட்டைக்குப் பொத்தான் காஜா எடுத்தபடி தலை நிமிராமல் சொன்னாள், "நோட்டீஸுக்கு இந்த மாசம் முப்பதாம் தேதிக்குள்ள பதில் குடுக்கணும்னு அண்ணனே எழுதியிருக்கான். பரீட்சை முடிஞ்சு அடுத்த மாசம் நாலாம் தேதி வாங்கன்னு அந்தம்மாவ அனுப்பினதையும் அவனே எழுதியிருக்கான்." நீயே எழுதினாய், நீயே படிக்கவில்லை. ஒன்பது போட்டவரும் படிக்கவில்லை போலும். அண்ணனை ரொம்பத் திட்டாதேம்மா என்கிறாள் இப்போது, அதையும் எழுதச் சொல்லிவிட்டேன்.

இன்று தேதி பதினாறு. இது கிடைத்ததும் புத்தகத்தை மூடிவிட்டு அந்த அம்மாளைத் தேடிப் போ, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று உன் வாயாலேயே சொல். அவரைக் கூட்டிக்கொண்டு மையத்து ஆசிரியரிடம் போ, பதிலை நேரத்தோடு கொடுங்கள். அப்புறம் அந்த நாலு பக்கத்தையும் அடித்துவிட்டு நடந்ததை எழுது, ஒன்பது மூன்றானால் ஆகட்டும். அடுத்த ஆள் உன் முன்னால் வந்து உட்காரும்போது முதலில் தேதியைக் கேட்பாய் அல்லவா, அதற்குத்தானடா அந்த நோட்டு.

நீ நன்றாக இருக்க வேண்டும், அதற்கு முன்னால் அந்த அம்மாள் அவர் வீட்டில் இருக்க வேண்டும். முப்பதாம் தேதி, மறக்காதே.

உன் அம்மா