அந்த ஒரு நாள் லீவு

குட்டிம்மா,

நீ தூங்குகிறாய், எழுப்பவில்லை. சாப்பாடு மூடியிருக்கிறது. குளியலறைக் குழாயை அழுத்தித் திருகாதே, மரை தேய்ந்துவிட்டது.

வீட்டுக் கடனில் பாதியை நான்தான் கட்டினேன். பத்திரம் பதிந்த அன்று, "உன் லீவை ஏன் வீணாக்கணும்? உன் பேரை அப்புறம் சேத்துக்கலாம்" என்றார் உன் அண்ணன். மிச்சம் பிடித்த அந்த லீவில் இந்தச் சுவர்களுக்கு வண்ணம் அடித்தேன். அந்த அப்புறம் வருவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கல்யாணமும் இல்லை, உயிலும் இல்லை. வீடு தங்கைக்குத்தான் என்கிறார் வக்கீல். மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை.

ஆனால் பத்து வருஷமாக வாய் நிறைய "அண்ணி" என்றவள், நேற்று வக்கீலிடம் "இவங்க இங்க தங்கியிருந்தவங்க" என்றாயே.

சாவி ஜன்னலில் இருக்கிறது.

பி.கு.: பக்கத்து வீட்டில் கேட்டால், தங்கியிருந்தவங்க காலி பண்ணிட்டாங்கன்னு சொல்லிடு.